தேவையா, ஆசையா, இரண்டுமா?

கேள்வி இதுதான்: "தேவை வேறு, ஆசை வேறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றை வாங்கப் போகும் நேரத்தில் எனக்கு எல்லாமே தேவையாகத்தான் தெரிகிறது. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?"

உணவு, உடை, இருப்பிடம் மூன்றும் தேவை, மீதியெல்லாம் ஆசை என்று ஒரு சுலபமான பதில் புழக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பாடத்துக்கு அது போதும். ஆனால் பத்துச் சட்டை வைத்திருப்பவர் வாங்கும் பதினோராவது சட்டையும் உடைதான். பார்வை மங்கித் தடுமாறுபவரின் மூக்குக்கண்ணாடியோ உணவும் இல்லை, உடையும் இல்லை, இருப்பிடமும் இல்லை. பொருள்களுக்கு முத்திரை குத்திப் பட்டியல் போடும் வழி இப்படி முதல் அடியிலேயே தடுக்கி விழுகிறது.

இன்னொரு பதிலும் உண்டு. ரொம்ப வேண்டும் என்று தோன்றினால் தேவை, கொஞ்சம் வேண்டும் என்று தோன்றினால் ஆசை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தில் நம்மில் பலர் இதை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். உங்களுக்கு எல்லாமே தேவையாகத் தெரிவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

ஆசை மனதில் எழுகிற ஒன்று. அது இருக்கிறதா இல்லையா என்று உங்களைக் கேட்டாலே தெரிந்துவிடும். தேவை அப்படிப்பட்டதில்லை. ஒன்று இல்லாமல் போனால் உங்களுக்கு என்ன கெடுதல் வரும் என்பதைப் பற்றிய உண்மை அது. அந்த உண்மை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. இரண்டும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் இல்லை என்பதால், ஒரு பொருள் தேவையாகவும் ஆசையாகவும் சேர்ந்தே இருக்கலாம், ஏதாவது ஒன்றாக மட்டும் இருக்கலாம். "இது தேவையா, ஆசையா?" என்று ஒரே மூச்சில் கேட்பதே பாதிக் குழப்பத்தை உண்டாக்கிவிடுகிறது.

பழைய கடற்பயணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண்கள் மறுபடி திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்ற நோய். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வகை வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுக்கப்பட்ட இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள். அதற்குள் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது 1928-இல்தான். வைட்டமின் சி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே யாருக்கும் தெரியாத அந்தக் காலத்திலும் மாலுமிகளுக்கு அது தேவையாகவே இருந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் கிடைத்திருந்தால் ஸ்கர்வி வந்திருக்காது. பெயரே தெரியாத ஒன்றின்மேல் ஆசைப்பட முடியாது, ஆனால் அது இல்லாமல் சாக முடியும்.

"உடம்புக்கு எது தேவையோ அதை உடம்பே கேட்டு வாங்கிக்கொள்ளும்" என்று ஒரு நம்பிக்கை பலருக்கு உண்டு. மூச்சை வைத்தே அதைச் சோதித்துப் பார்க்கலாம். நம் உடம்புக்கு வேண்டியது ஆக்சிஜன். ஆனால் மூச்சை அடக்கும்போது "உடனே மூச்சு விடு" என்று நெஞ்சு தவிப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததால் வருவதில்லை, ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால் வருவது. நீருக்கடியில் நீந்துவதற்கு முன்பு வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொள்ளும் சிலர், தண்ணீருக்குள் தவிப்பே இல்லாமல் மயங்கிப் போவது இதனால்தான். வேகமாக மூச்சு விட்டதில் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது, ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியும் மேலே வரச் சொல்லும் உந்துதல் எழுவதில்லை. உயிர் வாழ முதல் தேவை எதுவோ, அதற்கே உடம்பு நேரடியாகக் குரல் கொடுப்பதில்லை.

வயதானவர்களுக்குத் தாகம் மங்கிப்போவதும் இதே கதைதான். உடம்பில் நீர் வற்றியிருக்கும், குடிக்கத் தோன்றாது.

சரி, அப்படியென்றால் உள்ளிருந்து எழும் ஆசையை நம்பவே கூடாதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1940-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான குறிப்பு ஒன்று இருக்கிறது. மூன்றரை வயதுக் குழந்தை. அதற்கு உப்பின்மேல் அடங்காத வெறி, கைநிறைய அள்ளித் தின்னும். மருத்துவமனையில் சேர்த்து, எல்லோருக்கும் தரும் சாதாரண உணவைக் கொடுத்தார்கள். சில நாட்களில் குழந்தை இறந்துவிட்டது. அட்ரீனல் சுரப்பி பழுதாகி உடம்பில் உப்பு தங்காமல் போயிருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பார்த்தவர்களுக்கு விநோதமான ஆசையாகத் தெரிந்தது உண்மையில் அந்தக் குழந்தையை உயிரோடு வைத்திருந்த தேவை. ஆசை எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்பது தேவைக்குச் சாட்சி ஆகாது. பொய்ச்சாட்சி என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

ஆசைக்குள்ளேயே இன்னொரு பிளவும் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1980-களின் இறுதியில் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தது இது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் செய்யப்பட்ட எலிகள் எதிரில் உணவு இருந்தும் தொடாது, விட்டால் பட்டினியில் செத்துவிடும். ஆனால் அவற்றின் நாக்கில் இனிப்பை வைத்தால் சாதாரண எலியைப் போலவே ரசிக்கின்றன. அந்த ரசிப்பு எலியின் முகத்திலேயே தெரியும். ரசிக்கும் திறன் அப்படியே இருக்கிறது, தேடிப் போகும் உந்துதல் மட்டும் அணைந்துவிட்டது. நாடுவதும் ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று அவர்கள் சொன்னார்கள். போதைக்கு அடிமையானவர்களிடம் இது தலைகீழாக நடக்கிறது என்பதும் அவர்கள் வாதம்: கிடைக்கும் இன்பம் குறைந்துகொண்டே போகும், நாட்டம் ஏறிக்கொண்டே போகும்.

வாங்கிய பொருளைப் பெட்டியைப் பிரித்ததுமே சுவாரஸ்யம் வடிந்துபோகிற அனுபவம் பலருக்கும் இருக்கும். அதை உடனே "அப்படியென்றால் இது தேவையில்லாததுதான்" என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாட்டம் வேறு, ரசனை வேறு, தேவை இவை இரண்டிலும் சேராதது. பிரித்ததும் சலித்துப்போகிற பொருள் அத்தியாவசியமானதாகவும் இருக்கலாம். தீயணைப்புக் கருவியை யாரும் தினமும் எடுத்துப் பார்த்து மகிழ்வதில்லை.

தேவையைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வரையில் உருப்படியான வழி, "எதற்காக?" என்று கேட்பதுதான். ஆசை அந்தக் கேள்வி இல்லாமலே நிற்கும். "எனக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான்" என்பது முழுமையான பதில். தேவை நிற்காது. ஏதோ ஒன்றுக்காகத்தான் இன்னொன்று தேவைப்படும். கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். இயல்பானவை, அவற்றுள் அவசியமானவை, இயல்பும் இல்லாத வெறும் எண்ணத்தால் முளைத்தவை என்று விருப்பங்களைப் பிரித்தார். அதோடு விடாமல், அவசியமானவற்றையும் மூன்றாகப் பிரித்தார். சில உயிர் வாழவே அவசியம், சில உடல் உபாதை இல்லாமல் இருக்க அவசியம், சில மகிழ்ச்சிக்கு அவசியம். "அவசியம்" என்றால் எதற்கு அவசியம் என்று சொல்லியாக வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. மூன்றாவது வகையில் நட்பைச் சேர்த்துப் பார்த்தால், உயிர் வாழ்வதோடு தேவை முடிந்துவிடுகிறது என்ற கஞ்சத்தனமான எண்ணமும் போய்விடும்.

"எதற்காக?" என்று கேட்கும்போது கூடவே இரண்டு கிளைக் கேள்விகள் வரும். இப்போதே தேவையா? இதுதான் வேண்டுமா, வேறு எதுவும் அந்த வேலையைச் செய்யுமா?

முதல் கேள்விக்கு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. ஆங்கிலச் சட்டத்தில், சட்டப்படி பெரியவராகும் வயதை எட்டாதவர் கடனுக்கு வாங்கிய பொருள் "அவசியப் பொருள்" என்றால்தான் விற்றவர் பணத்தைக் கேட்க முடியும் என்று ஒரு விதி உண்டு. 1908-இல் வந்த நாஷ் எதிர் இன்மன் வழக்கு அதைப் பற்றியது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த அந்த வயதை எட்டாத ஒரு மாணவர், தையல்காரர் ஒருவரிடம் ஏராளமான துணிமணிகளைக் கடனுக்கு எடுத்திருந்தார். அவற்றில் 11 பகட்டான இடுப்புச் சட்டைகளும் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத வெயிஸ்ட்கோட்) உண்டு. பையன் வசதியான குடும்பம், அவன் அந்தஸ்துக்கு இவை பொருந்தும் என்பது தையல்காரர் தரப்பு. அந்தஸ்துக்குப் பொருந்துவது மட்டும் போதாது, விற்ற அந்த நேரத்தில் அவனுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டிருக்கவும் வேண்டும் என்றது சட்டம். மகனிடம் ஏற்கெனவே போதுமான உடைகள் இருந்தன என்று தந்தை நிரூபித்துவிட்டார். தையல்காரர் தோற்றார். அந்த வழக்கில் எனக்குப் பிடித்த விஷயம், நீதிமன்றம் இடுப்புச் சட்டையைத் தேவையில்லாத பொருள் என்று சொல்லவே இல்லை என்பதுதான். பொருளை விட்டுவிட்டு, வாங்கியவரின் அலமாரியில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று பார்த்தது.

இரண்டாவது கிளைக் கேள்வியில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். சிலி நாட்டுப் பொருளாதார அறிஞர் மான்ஃபிரட் மாக்ஸ்-நீஃப் தேவைகளையும் அவற்றை நிறைவேற்றும் வழிகளையும் தனித்தனியாகப் பிரித்தார். உயிர்வாழ்வு, பாதுகாப்பு, அன்பு, அறிதல், பங்கேற்பு, ஓய்வு, படைப்பு, அடையாளம், சுதந்திரம் என்று ஒன்பது தேவைகள். இவை எங்கேயும் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான், மாறுவதெல்லாம் வழிகள்தான் என்றார். வாகனம் தேவை என்று சொல்பவருக்கு உண்மையில் தேவையானது வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்வது. அதற்குப் பேருந்து இருக்கிறதா, ரயில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வாகனம் தேவையாகலாம், ஆகாமலும் போகலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் வழியே தேவையாகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் வாங்க நினைக்கும் அந்தக் குறிப்பிட்ட ரகம், அந்த நிறம், அந்த மேல்மாடல் எல்லாம் தேவையின் முதுகில் ஏறிக்கொண்டு கூடவே வந்துவிடும். உங்களுக்கு எல்லாமே தேவையாகத் தெரிவதில் பெரும் பங்கு இப்படி ஒட்டிக்கொண்டு வருபவற்றுக்குத்தான் என்று நினைக்கிறேன். போன் தேவைதான், அது உண்மை. அந்த உண்மை கடைசியாக வந்த ரகம் வரைக்கும் நீளாது.

இங்கே, மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவின் பிரமிடைப் பற்றிக் கேட்பீர்கள். அவருடைய 1943 கட்டுரையில் பிரமிடு இல்லை, அதைப் பிறகு வந்தவர்கள் வரைந்தார்கள். கீழ்ப்படி முழுதாக நிறைந்தால்தான் மேல்படி என்று அவர் கறாராகச் சொல்லவும் இல்லை. உங்கள் கேள்விக்கு அது அவ்வளவாக உதவாது என்பதால் மேலே போகிறேன்.

அதைவிடச் சிக்கலான விஷயம், மற்றவர்கள் வைத்திருப்பதால் நமக்குத் தேவையாகிவிடுபவை. இதை வெறும் போட்டி மனப்பான்மை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1776-இல் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதியது: லினன் சட்டை உயிர் வாழ அவசியமில்லை, பழைய கிரேக்கர்களும் ரோமர்களும் அது இல்லாமலே வசதியாக வாழ்ந்தார்கள். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் ஓரளவு மரியாதையான கூலித் தொழிலாளிகூட லினன் சட்டை இல்லாமல் பொது இடத்துக்கு வர வெட்கப்படுவார், ஆகவே அது அவசியப் பொருள்தான். அமர்த்தியா சென் பின்னாளில் இதை இன்னும் துல்லியமாக்கினார். தலைகுனியாமல் நாலு பேர் முன்னால் நடமாட முடிவது எல்லாக் காலத்திலும் ஒரே தேவை. அதற்கு வேண்டிய பொருள்தான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகிறது. விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பள்ளிச் செய்தி எல்லாம் போன் வழியாகவே நடக்கிற சமூகத்தில் போன் இல்லாதவர் ஆசையை அடக்கியவர் இல்லை, வெளியே நிறுத்தப்பட்டவர்.

ஆனால் இதற்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. 1930-இல் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் அதைச் சொன்னார்: அடுத்தவர் நிலை எப்படி இருந்தாலும் நாம் உணரும் தேவைகள் ஒரு வகை, அடுத்தவரைவிட மேலே தெரிந்தால்தான் திருப்தி தருபவை இன்னொரு வகை. முதல் வகைக்கு நிறைவு உண்டு. இரண்டாவதற்கு இல்லை, ஏனென்றால் எல்லோரும் ஏறினால் மறுபடி எல்லோரும் சமமாகிவிடுவார்கள். ஸ்மித்தின் தொழிலாளி கேட்பது மற்றவரோடு நிற்க ஓர் இடம். நம்மை நாமே சோதித்துக்கொள்ள ஒரு கேள்வி போதும்: நாளைக்கே எல்லோரிடமும் இது இருந்தால், எனக்கு இது அப்போதும் வேண்டுமா? வேண்டாம் என்று பதில் வந்தால் அது தேவை இல்லை.

அப்புறம், அதிகம் பேசப்படாத ஒரு வகை இருக்கிறது: பழைய ஆசைகளின் தேவைகள். வாகனத்தை ஆசைக்காகவே வாங்கியிருக்கலாம். வாங்கிய பிறகு அதற்கு எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு, நிறுத்த இடம் எல்லாமே உண்மையான தேவைகள். காப்பீட்டைத் தவிர்த்தால் நிஜமாகவே கெடுதல் வரும். பெரிய வீட்டுக்குப் பெரிய பராமரிப்பு, செல்லப்பிராணிக்கு மருத்துவம். ஒரு மாதச் செலவுக் கணக்கை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாக "இது தேவையா?" என்று கேட்டால் எல்லா வரியும் தேவை என்றுதான் பதில் சொல்லும், அதில் பொய்யும் இருக்காது. எங்கோ பின்னால் எடுத்த ஒரு முடிவு இந்த வரிகளையெல்லாம் பெற்றெடுத்திருக்கும். வரிகளோடு மல்லுக்கட்டி மிச்சம் பிடிக்க முடியாமல் திணறுபவர்கள் அந்த முடிவைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். புதிதாக ஒன்றை வாங்கும்போது அதனுடைய தேவைகளையும் சேர்த்தே விலை போடுவதும் இதே காரணத்தால்தான்.

இவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பதால் என்ன லாபம்? நம் சொந்தப் பணத்தில் நமக்கு வாங்குவதென்றால், உண்மையைச் சொன்னால், பெரிய லாபம் இல்லை. ஆசைக்காக வாங்குவது குற்றம் இல்லை, ஆசைகளே இல்லாத வாழ்க்கைதான் உயர்ந்தது என்ற உபதேசத்தில் எனக்கு நம்பிக்கையும் கிடையாது. "பிடித்திருக்கிறது, கையில் பணம் இருக்கிறது, வாங்கினேன்" என்பது நேர்மையான வாக்கியம். அந்த இடத்தில் தேவையைச் சாக்காக இழுத்துவர வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தவரிடம் கேட்கும்போதுதான் வேறுபாடு கனமாகிறது. தத்துவவாதி டி. எம். ஸ்கேன்லன் 1975-இல் ஒரு எடுத்துக்காட்டு கொடுத்தார். ஒருவர் தன் கடவுளுக்கு நினைவுச்சின்னம் எழுப்புவதற்காகச் சரியான சாப்பாட்டையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார். அவர் மனதில் சின்னம் முதலிடம், சாப்பாடு இரண்டாமிடம். அதற்காக, சின்னத்துக்கு உதவி கேட்பதும் சாப்பாட்டுக்கு உதவி கேட்பதும் மற்றவர்கள்மேல் ஒரே அளவு உரிமை உள்ள கோரிக்கைகள் ஆகிவிடுமா? ஆகாது என்றார். ஒரு விருப்பம் உள்ளே எவ்வளவு கொதித்தாலும் மற்றவர் உதவிக்கரம் நீட்டியாக வேண்டும் என்ற கடமையை அது உண்டாக்காது, தேவை உண்டாக்கும். குடும்பத்தில் யாருக்கு முதலில் செலவு செய்வது என்பதிலிருந்து அரசு எதற்கு மானியம் தருவது என்பது வரை எல்லாம் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. அதனால்தான் எல்லோரும் தங்கள் ஆசையைத் தேவை என்று பெயர் மாற்றப் பார்க்கிறார்கள். குரல் பெரிதாக உள்ளவரின் ஆசை தேவையாகிவிடுவதும், கேட்கக் கூச்சப்படுபவரின் தேவை "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போவதும் வீடுகளிலேயே நடக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒரு பக்கம். உங்கள் கேள்வி, வேண்டும் என்று தோன்றியவற்றை எப்படிச் சலிப்பது என்பது. தோன்றவே தோன்றாத தேவைகள் அந்தச் சல்லடைக்கு வருவதே இல்லை. தூக்கத்தைப் பற்றி 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் சிலரை 14 நாட்கள் தொடர்ந்து இரவில் நான்கு மணி நேரமும், சிலரை ஆறு மணி நேரமும் மட்டும் தூங்கவிட்டார்கள். கவனமும் எதிர்வினை வேகமும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போயின. ஆனால் "எவ்வளவு தூக்கம் வருகிறது?" என்று கேட்டால், முதல் சில நாட்களில் ஏறிய பிறகு அந்த மதிப்பீடு பெரிதாக ஏறவே இல்லை. தாங்கள் சமாளித்துவிட்டதாகவே அவர்களுக்குப் பட்டது. தேவை ஏறிக்கொண்டே போக, அதைச் சொல்ல வேண்டிய உணர்வு பாதியில் நின்றுவிட்டது. பல் பரிசோதனை, உடற்பயிற்சி, அவசரத்துக்கான சேமிப்பு, பேசாமல் தள்ளிப்போடும் ஒரு முக்கியமான பேச்சு ஆகியவையும் இந்த ரகம்தான். இவற்றைக் கண்டுபிடிக்க மனதைக் கேட்டுப் பயனில்லை. ஆறு மாதம் இதைச் செய்யாவிட்டால் என்ன கெடும் என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தால் தெரியும். வாங்க நினைக்கும் பொருளுக்கும் அதே காகிதத்தில், அதே கேள்வியை எழுதிப் பாருங்கள். பக்கத்தில் எதுவும் எழுத வராவிட்டால் அதன் பெயர் ஆசை, பணம் இருந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.